கழற்றக் கூடாத ட்ரான்ஸீவர்

அருந்ததி வாயைத் திறப்பது சாப்பிடவும் பிறர் எழுதிய நிரலில் பிழை சொல்லவும்தான் என்று அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. இரண்டாவதையும் வெள்ளவத்தை வீட்டிலிருந்து மின்னஞ்சலில் முடித்துக்கொள்ள முடிந்தால் அவளுக்குச் சந்தோஷம்.

2007இல், கொழும்பு கொம்பனித்தெருவிலிருந்த அந்த அலுவலகத்தில், கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்கு ஒரு ட்ரைவர் பாட்ச், அதாவது ஒரு சிறு சேர்ப்பு நிரல், எழுதினார். ஒளிநார் கேபிளின் முனையில் செருகும் விரலளவு ட்ரான்ஸீவரைக் கணினி அடையாளம் காணவைக்கும் வேலை அது. உலகத்துக்கே போகும் பாட்ச். பார்த்துச் சரி சொன்னவர் என்று அருந்ததியின் பெயரும் கூடவே போகும். பிழை வந்தால் பின்லாந்திலிருந்து பிரேசில்வரை சிரிப்பார்கள்.

யுத்த காலம் என்பதால் தகவல் அனுப்பும் எந்தச் சாமானுக்கும் அனுமதி வேண்டும். ட்ரான்ஸீவர் மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்தது. ஒஸ்வால்ட் கொச்சிக்கடைத் தேவாலயத்து அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். அந்தோனியாருக்கு உகந்த ஒரு செவ்வாய்க்கிழமை ட்ரான்ஸீவர் வந்து சேர்ந்தது. அன்றே அதைச் செருகி, மேலே டேப்பும் ஒட்டிவிட்டார். பிறகு அதில் தூசு தட்டக்கூட எவருக்கும் துணிவில்லை.

நிரலை வாசித்து முடித்த அருந்ததி, "அண்ணை, இதைக் கழட்டிப் பூட்டிப் பாத்தனீங்களோ?" என்றாள்.

"விசரே? உடைஞ்சால் இன்னொண்டு கேட்டு அந்தோனியாரிட்ட எந்த முகத்தோட போறது?"

"பாவிக்கிற ஆக்கள் கழட்டுவினம்."

"கழட்டட்டும். அவையளுக்குக் கடையில வாங்கலாம். நீ பேரைப் போடு தங்கச்சி, பின்னேரம் அனுப்போணும்."

"கழட்டாமல் போடமாட்டன்."

ஒஸ்வால்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருந்ததி டேப்பை உரித்து, ட்ரான்ஸீவரை இழுத்து, திரும்பச் செருகினாள். கணினி விறைத்து நின்றது. செருகிய ட்ரான்ஸீவர் விழித்துக்கொள்ள ஒரு கணம் வேண்டும். ட்ரைவரோ அது வந்த கையோடு 'நீ யார்?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வேறெதையும் செய்யாமல் காத்துக்கொண்டிருந்தது.

"செக்பொயின்ற் மாதிரியெல்லோ எழுதி வைச்சிருக்கிறியள். நித்திரையால எழும்பினவனிட்ட அடையாள அட்டை கேட்டால் அவன் என்னத்தைக் காட்டுவான்?"

ஒஸ்வால்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துக் கேள், பதில் வராவிட்டால் உன் வேலையைப் பார் என்று நிரலை மாற்றினார்.

"இப்ப போடன்."

"முதல்ல நீங்கள் கழட்டுங்கோ. தகவல் ஓடிக்கொண்டிருக்கேக்க."

தன் பல்லையே பிடுங்குபவரைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுத்தார். இணைப்பு அறுந்தது. செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது, கணினி இம்முறை விறைக்கவில்லை. ஒஸ்வால்ட் மறுபடி கழற்றினார், பூட்டினார். அருந்ததி தன் பெயரைத் தட்டி முடிக்கும்வரை அவர் கை ஓயவில்லை.

"காணும் அண்ணை, விடுங்கோ," என்றாள் அருந்ததி. "உடைச்சுப்போடுவியள்."