தோளுக்கு ஏறிய நோவு

வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அக்கா பாயில் சுருண்டு கிடந்த அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன். அவரை இழந்துவிடுவோம் என்றே நினைத்தேன். கர்த்தர் விடவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இருக்கிறோம். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பேற்றில் பிரஷர் கூடி, தாய் தப்புவாரா என்ற நிலை வந்தது. அதனால் அக்காவும் அத்தானும் யோசித்து நிரந்தரக் கருத்தடை ஒப்பறேசனுக்குச் சம்மதித்தார்கள். இனி அந்தப் பயம் இல்லை என்று ஆண்டவரைத் துதித்தோம்.

பிறகு காயம் சிலநாள் சீழ் வைத்தது. அது ஆறியும் அடிவயிற்றில் ஓர் இழுப்பு வந்து வந்து போனது. எது நொந்தாலும் "அந்த ஒப்பறேசனாலதான்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அத்தான் பகிடி விடுவார்.

"வாய்க்கால்ல தண்ணி வராட்டிலும் உன்ர ஒப்பறேசன்தான் காரணமடியப்பா."

அக்காவும் சிரிப்பார். அதனால்தான் உண்மையான ஆபத்து வந்தபோது எங்களுக்கு விளங்கவில்லை.

அன்று அத்தான் வயலில் நின்றார். எங்கள் வீட்டில் ஏ.எல். வரை படித்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் என்ன செய்வதென்று தெரியவில்லை. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த நோவை இப்பவே எடுத்துப்போடும்" என்று கண்ணீரோடு கேட்டேன். நோ குறையவில்லை. இன்னும் உரத்துக் கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நிப்பாட்டு. தோள்மூட்டுக்கும் ஏறுது. ஆட்டோவைக் கூப்பிடு."

"இன்னும் கொஞ்சம் ஜெபிப்பம் அக்கா. கர்த்தர் கேப்பார்."

"அவருக்குக் கேட்டிட்டுது. உனக்குத்தான் கேக்கேல்ல."

ஆஸ்பத்திரியில் தாதி முதலில் கேட்டது, கடைசியாக மாதச்சுகயீனம் எப்போது வந்தது என்று. அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"தள்ளிப் போட்டுது மிஸ். ஆனா எனக்குப் பிள்ளை வராம ஒப்பறேசன் செய்தாச்சு. அதால நிண்டிருக்கும்."

"செய்தாலும் கேப்பம் அம்மா. அதால நிக்காது."

சிறுநீரைச் சோதித்து, ஸ்கான் செய்தார்கள். அக்காவின் வயிற்றில் கரு இருந்தது. ஆனால் கர்ப்பப்பையில் இல்லை. மிகச் சிலருக்கு அந்த ஒப்பறேசன் தவறும், தவறினால் கரு குழாயிலேயே தங்கிவிடக்கூடும் என்று டொக்டர் விளக்கினார். குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதுதான் தோள் நோவாகத் தெரிந்ததாம். உடனே ஒப்பறேசன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

அத்தான் காலில் சேற்றோடு ஓடிவந்தார். "மூண்டையும் வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது மச்சான்?" என்று அழுதார். அவரை அணைத்துக்கொண்டு நான் மறுபடி ஜெபித்தேன். முன்போல வார்த்தைகள் வரவில்லை. "அக்கா வேணும்" என்பது மட்டுமே வந்தது.

அக்கா பிழைத்தார். அந்தக் கரு மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அவர் அழுதார், நாங்களும் அழுதோம்.

பின்புதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் முதலில் கேட்டபடி நோ அடங்கியிருந்தால், "படுங்கோ அக்கா" என்று விட்டிருப்பேன். அவர் எழுந்திருக்கமாட்டார். நோவை எடுக்காமல் விட்டதே கர்த்தர் தந்த பதில். அதைத் தாதியும் டொக்டரும் கேட்டார்கள். ஜெபித்துக்கொண்டிருந்த நான் கேட்கவில்லை.

சகோதரிகளே, கருத்தடை செய்தவர்கள் கலங்கவேண்டாம். அதைச் செய்ததற்காக அக்கா இன்றும் வருந்தவில்லை. ஆனால் மாதச்சுகயீனம் தள்ளிப்போய் வயிறு நொந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சகோதரர்களே, கேட்க வெட்கப்படாதீர்கள். நான் இப்போது வெட்கப்படுவதில்லை. நம்பி ஜெபியுங்கள். அவர் எந்த வழியால் பதில் தந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

யாருக்காவது சுகமில்லை என்று வீட்டில் நான் முழங்காலிட்டால், குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வரும்.

"தம்பி, ஆட்டோவுக்குச் சொல்லிப்போட்டோ தொடங்கிறாய்?"

"ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன்.