ஐந்து மதிப்பெண் ஒத்ததிர்வு

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணிக்கே நாமக்கல்லில் வெயில் மண்டையைப் பிளந்தது, காற்று அசையவில்லை. ராசிபுரம் சாலையில் உள்ள தனியார் விடுதிப் பள்ளி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில், ஆசிரியர் மதியழகன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பதினோராம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டும் எல்லாருக்கும் முழு மதிப்பெண் வந்துவிட்டால், ஜூன் மாதம் அவர்தாம் துணை முதல்வர். தாளாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

மதியழகன் காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்துக்காரர். தடுப்பணை நீரில் இரண்டு கற்களை ஒன்றாக எறிந்தால் இரண்டு வட்டங்கள் விரிவதையும், அவை கலக்குமிடத்தில் நீர் ஓரிடத்தில் எம்பி, பக்கத்திலேயே ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதையும் ஆயிரம் முறை கண்டவர். முகடும் முகடும் சேர்ந்தால் எம்பும். முகடும் அகடும் சேர்ந்தால் அடங்கும். குறுக்கீட்டு விளைவு என்பது இவ்வளவுதான். அவரோ, "பாதை வேறுபாடு அலைநீளத்தின் முழு எண் மடங்கு" என்று உருப்போட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். அந்த வாக்கியத்துக்கும் ஆற்றுக்கும் உறவுண்டு என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. அவரும் எவரையும் கேட்கவில்லை. மனப்பாடத்தால் எம்.எஸ்சி., மனப்பாடத்தால் பி.எட்., அப்புறம் மனப்பாடம் செய்விப்பதற்கே சம்பளம்.

பதினான்கு ஆண்டுகளாக அவர் வகுப்பில் ஒத்ததிர்வு என்றால் ஐந்து மதிப்பெண். ஏழு வரி, ஒரு படம், ஒரு வாய்பாடு. இரண்டு சொற்களுக்கு அடிக்கோடு. விடியற்காலைப் படிப்பு நேரத்தில் எழுபது பிள்ளைகள் அதை ஒரே குரலில் ஒப்பிக்கும்போது, தீவனம் போடும் நேரத்துக் கோழிப்பண்ணை தோற்றுப்போகும். ஒருமுறை ஆலியா என்ற சேலத்துப் பெண் எழுந்து, அந்தப் படத்திலுள்ள குழாய் ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்டாள்.

"ஏன்னு கேட்டா எத்தனை மார்க்கு, சாமி?" என்றார் மதியழகன்.

"தெரியலீங்க சார்."

"ஒண்ணுமில்ல. எழுதுனாத்தான் அஞ்சு. உக்காரு."

வகுப்பு சிரித்தது. அவரும் தம் நகைச்சுவையை மெச்சிக்கொண்டார்.

செய்முறைக்கும் இதே வழிதான். குழாயில் ஒலி பெருகும் முதல் நீளம் 15.4 சென்டிமீட்டர், இரண்டாவது 47.8, விடையான ஒலியின் வேகம் வினாடிக்கு 331.8 மீட்டர் என எப்போதோ ஒருவர் எழுதிவைத்த அட்டையைப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பார்த்து எழுதுவார்கள். அந்த அளவுக்குரிய 512 அதிர்வெண் இசைக்கவை தொலைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சியிருந்தது 480. ஒருவரும் கவனிக்கவில்லை, தட்டிப் பார்த்தவர் இருந்தால்தானே!

அன்று புறத்தேர்வாளராக வந்த அரசுப் பள்ளி ஆசிரியை தேவிப்ரியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: சோதனையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார்.

ஒத்ததிர்வுச் சோதனை ஆலியாவுக்கு வந்தது. அவள் நீரில் நின்ற குழாயை நீர்மட்டத்துக்கு மேல் சரியாக 15.4இல் நிறுத்தி, இசைக்கவையைத் தட்டி, வாயருகே பிடித்தாள். குழாய் ஊமையாக நின்றது. அவள் தாளில் 15.4 என்று எழுதினாள்.

"சத்தம் கேட்டுச்சாம்மா?"

"கேக்கலீங்க மேடம். ஆனா வரணும்."

"யார் சொன்னா?"

"ரெக்கார்டு சொல்லுதுங்க."

"புள்ள பயந்துக்கிச்சுங்க மேடம்," என்று மதியழகன் குறுக்கே புகுந்தார். "குடு சாமி, நான் காட்டறேன்."

ரப்பர் கட்டையில் தட்ட வேண்டியதை அவர் மேசை விளிம்பில் அடித்தார். தகரம் விழுந்ததுபோல் இருந்தது. குழாயை 15.4இலிருந்து இம்மி மேலே ஏற்றினார், இம்மி கீழே இறக்கினார்; அதைத் தாண்டிப் போக அவருக்குத் துணிவில்லை. அட்டை பொய் சொல்லுமா?

"நீங்க நகருங்க சார். அம்மா, நீ அளவை மறந்துட்டுக் காதை மட்டும் வச்சுக் குழாயைத் தூக்கு," என்றார் தேவிப்ரியா.

ஆலியா தூக்கினாள். பதினாறு. பதினேழு. பதினேழரையை நெருங்கியபோது குழாய் திடீரென்று பாடியது. கீழே போய் நீரில் பட்டுத் திரும்பிய அலை, கவையிலிருந்து புதிதாகப் புறப்பட்ட அலையோடு காலம் தவறாமல் கைகோத்துக்கொள்ளும் நீளம் அதுதான். காற்றுத் தம்பம் முழுவதும் கவையின் கணக்கிலேயே ஆடியது. இன்னும் சற்றுத் தூக்கியதும் அடங்கியது. இறக்கியதும் மீண்டும் பாடியது.

"அய்யோ, நெசமாவே வருது!" என்றாள் ஆலியா.

தேவிப்ரியா கவையில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார், பதிவேடுகளைப் புரட்டினார். எழுபதிலும் 512, எழுபதிலும் 15.4. பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்.

"சார், ஒரே கேள்வி. நீங்க செஞ்சு காட்டியும் இவங்க காப்பி அடிச்சிருந்தா, எழுபது பேருக்கும் மார்க்கைக் குறைப்பேன். காட்டவே இல்லைன்னா தப்பு இவங்களோடது இல்ல. நேரம் குடுத்து, நெசமா அளந்து எழுத வைப்பேன். ஆனா உங்க பேரைப் போட்டு அறிக்கை எழுதணும். ஒரு தடவையாவது செஞ்சு காட்டினீங்களா?"

மதியழகன் வாசலைப் பார்த்தார். தாளாளர் வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், முறைக்காகக் காத்திருந்த பிள்ளைகள் வாயசைத்து ஏழு வரியை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கேள்விக்கு எந்தப் பதிப்பகத்தின் கையேட்டிலும் விடை இல்லை.

"இல்லீங்க மேடம்," என்றார்.