டப்பாவில் இல்லாத படகு

எண்பதுகளின் நடுவில், பழவேற்காட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டகையில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். கடைப் பலகை, கல்யாண வாழ்த்து, படகுகளுக்குப் பெயர் என்று எது வந்தாலும் செய்வேன். ஊரில் என் கைக்கு நல்ல பெயர். அது கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் பிளாஸ்டிக் அச்சு வேலை தெரிந்தவர். பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பின்பக்கத்தில் சொந்தமாக ஒரு விளையாட்டுச் சாமான் செய்ய ஆரம்பித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பா. உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை, மூன்று குழி, மூன்று சின்ன இரும்புக் குண்டு, மேலே கண்ணாடி மாதிரி மூடி. டப்பாவைச் சாய்த்துச் சாய்த்துக் குண்டுகளைக் குழிக்குள் இறக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அக்கா பிள்ளைத்தாய்ச்சி. இருந்தும் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடி ஒட்டுவாள். அந்த வீடு முழுக்க அந்த டப்பாவை நம்பித்தான் இருந்தது.

மேல் அட்டைக்குப் படம் போடும் வேலை என்னிடம் வந்தது. மெட்ராஸில் அப்போது வீடியோ கேம் மோகம். மச்சான் பர்மா பஜாரில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கடையில தொங்கும்போதே பசங்க கை நீட்டணும்பா. வீடியோ கேம் மாதிரி பளபளன்னு போடு" என்றார்.

என் வித்தை முழுவதையும் இறக்கினேன். டி.வி. திரை மாதிரி ஒரு சட்டம். அதற்குள் எங்கள் பழவேற்காட்டு ஏரி, பாய் விரித்த படகு, துள்ளும் மீன்கள், பூநாரைக் கூட்டம். போதாக்குறைக்கு வானத்தில் ஒரு ராக்கெட். மேலே மின்னல் எழுத்தில் 'வீடியோ புதிர்'. இரும்புக் குண்டை வரைய இடமில்லை. அது தேவை என்றும் தோன்றவில்லை. அட்டை அச்சாகி வந்த அன்று மச்சான் அதை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்.

முதல் வாரம் நன்றாகத்தான் விற்றது. பிறகு பொன்னேரிக் கடைக்காரர் மிச்சத்தை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார். "படத்தைப் பார்த்து வாங்குறாங்க, பிரிச்சுப் பார்த்துட்டு என்னைத் திட்டுறாங்க" என்றாராம். மற்ற கடைகளிலும் அதே கதை. மூட்டையோடு பஸ்ஸில் வந்திறங்கிய மச்சானிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"படத்துல ஒரு குறையும் இல்ல மச்சான். சாமான்லதான் சுவாரசியம் பத்தல."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய் நின்றார்.

இரண்டு நாள் கழித்து, ஒரு காலை நேரத்தில், நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா என் கொட்டகைக்கு வந்தார். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்துக்காரர். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பிடித்ததைப் போடும் ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவியே இறால் பிடிப்பவர். முந்தானை முடிச்சிலிருந்து எங்கள் டப்பாவை எடுத்தார். மேல் அட்டையையும் மடித்து வைத்திருந்தார்.

"பாய், நீதானே இந்தப் படம் போட்டது?"

"ஆமா. இன்னா விஷயம்?"

"உள்ள படகு இல்லியே. எதுனா ஒரு சாமான் போட மறந்துட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. படம் வெறும் படம்தான் என்று சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. அவருடைய மகளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. வீட்டிலேயே உட்கார்ந்து வலை பின்னும் பெண்ணாம். அவளுக்காக வாங்கிப்போனது.

"நா போயி சொன்னா நம்ப மாட்டா. மூஞ்சிய திருப்பிக்கினு குந்திக்கினு கீறா. நீயே ஒரு வார்த்த வந்து சொல்லிட்டுப் போ பாய்."

தட்டிக் கழித்திருப்பேன். ஆனால் அன்றைக்குப் பசியாவரத்தில் ஒரு படகுக்குப் பெயர் எழுத வேண்டியிருந்தது. பெயிண்ட் டப்பாவோடு அவர் கூடவே ஏரியைக் கடந்தேன்.

மகளுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று அம்மா சொன்னதும் வலை ஊசியைக் கீழே வைத்தாள்.

"படகு இல்லம்மா. பார்க்க அழகா இருக்கட்டும்னு நான் போட்டது" என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"டி.வி. மாதிரி படகு ஓடும்னு நெனச்சேன்ணா. ஏரி வாசல்லயே கீது. நா ஒரு நாளும் படகு ஓட்டினதில்ல. இதுலனா ஓட்டலாம்னு இருந்தேன்."

ஒருத்தரை ஏமாற்ற வேண்டும் என்று நான் தூரிகையை எடுத்ததில்லை. ஆனால் ஏமாந்தவர் முகத்துக்கு எதிரில் நின்றபோது அந்தச் சமாதானம் எதற்கும் உதவவில்லை. காசைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி டப்பாவை வாங்கக் கை நீட்டினேன். அவள் சட்டென்று அம்மா கையிலிருந்து அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன். இது நல்லாத்தான் கீது. உன் படம்தான் பொய்யி."

சொல்லிவிட்டு விளையாடிக் காட்டினாள். ஊன்றி ஊன்றி நகர்ந்தே காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளில் டப்பா ஒரு நூலளவு சாய்ந்தது, நிமிர்ந்தது. ஒன்று விழுந்தது. இரண்டு விழுந்தது. மூன்றாவது குண்டு குழியின் விளிம்பில் வந்து நின்று ஆடியது. அவள் மூச்சை அடக்கினாள். அவள் அம்மாவும் நானும்கூட அடக்கினோம். விழுந்தது.

"பாத்தியா? விழறதுக்கு முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது இல்ல? அத்தப் போட்டிருக்கலாமில்ல நீ" என்றாள்.

அந்தச் சாமானை ஒரு தடவைகூட நான் விளையாடிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சானிடம் சாமானைக் குறை சொன்னதும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் தாள், பென்சிலோடு திரும்பப் போனேன். அவள் கையை வரையட்டுமா என்று கேட்டதும், "இந்தக் கையா? மரக்கட்ட மாதிரி கீதே" என்று வெட்கப்பட்டாள். இரண்டு படங்களை வேண்டாமென்று தள்ளினாள். ஒன்றில் குண்டு சின்னதாக இருந்ததாம். இன்னொன்றில் பின்னால் நான் பழக்கதோஷத்தில் இரண்டு பூநாரைகளை நிறுத்தியிருந்தேன். மூன்றாவதை அவள் அம்மாவிடம் கொடுத்து, கரையோரம் நின்று தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, அது என்னவென்று கேட்டாள். "குண்டு குழியில விழப்போவுது" என்றார் அவர். "அப்ப சரி" என்றாள் என்னிடம்.

மஞ்சள் பின்னணி. இரண்டு கைகள். விளிம்பில் நிற்கும் ஒரே ஒரு பெரிய குண்டு. வேறெதுவும் இல்லை. 'வீடியோ' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'குண்டுப் புதிர்' என்று எழுதினேன். மீஞ்சூருக்குப் போய் முதலில் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, வுடுபா" என்றார். ஆனால் அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தபோது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். புது அட்டையை அச்சடித்து வந்து, அக்காவும் சேர்ந்து மூவருமாக எல்லா டப்பாவுக்கும் மாற்றினோம்.

ஓகோவென்று விற்றது என்று சொல்ல மாட்டேன். நிதானமாக விற்றது. யாரும் திருப்பித் தரவில்லை. மச்சான் அந்தத் தொழிலிலேயே நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பொன்னேரிக் கடையில் ஒரு நாள் நான் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு சின்னப் பெண் அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்தபடியே வெறும் கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அதைப் பசியாவரத்துக்குப் போய் அந்த வலை பின்னும் பெண்ணிடம் சொன்னேன். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு மெட்ராஸுக்கு வந்து எத்தனையோ சாமான்களுக்கு அட்டைப் படம் போட்டுவிட்டேன். ஒரு பொருளைக் கையில் வாங்கி, நானே உட்கார்ந்து அதை அனுபவித்துப் பார்க்காமல் இன்றுவரை பென்சிலை எடுத்ததில்லை. ஏனென்றால் அந்தப் படத்தை நம்பி எங்கோ ஒருத்தர் ஆசையை வளர்த்துக்கொண்டு காத்திருப்பார், அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.