உப்பளத்துக்கு வராத இருநூறு மீட்டர்

டுபாயில் கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்துவிட்டு வந்த மச்சான், வீட்டு ஹோலில் சோபாவை ஓரம் தள்ளித் திரை கட்டி கோல்ஃப் அடிக்கப் போகிறாராம்.

அடித்த பந்து எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் மெஷின் ஒன்று வேண்டுமாம். இன்று புத்தளத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மூன்று மெஷின்கள் இருந்தன. மச்சான் கடைக்குள் கட்டியிருந்த வலையைப் பார்த்து அடித்தார். முதல் இரண்டும் நூற்றிருபது மீட்டர் என்றன.

"இதுகள் சரியில்ல."

மூன்றாவது இருநூறு என்றது.

"இதுதான் சாமான்!"

எனக்கு அந்த மெஷின் மீது சந்தேகம் வந்தது. பந்து என்னவோ வலையில் மோதி எங்கள் காலடியில்தான் கிடந்தது.

"நானா, எங்கட உப்பளம் பக்கத்திலதானே. இப்ப காஞ்சு வெட்டையா கிடக்கு. அங்க கொண்டு போய் அடிச்சு, பந்து விழுற இடத்த அளந்து பாப்பமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"ஓம், வாங்க போவம். எனக்கும் பாக்க ஆசதான்" என்றார் அவர்.

பதறியது மச்சான்தான். "வேணாம் வேணாம், வெளிய காத்து கூட. நீங்க பில்லப் போடுங்க."

மெஷின் மீதிருந்த சந்தேகம் எனக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது.

இருநூறு மீட்டர் அடிக்கும் ஆளைப் பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். ஹோலுக்குள் மட்டும்தான் அடிப்பார்.