மாதாவுக்கு இஷ்டமில்லையாம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், மடியில் முட்டைக்கோஸ் பையை அணைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "எங்க நாத்தனா ஊர்ல மாதா தேரு காலனித் தெருவுக்குள்ள போமாட்டேன்னு நின்னுகினுதாம். அம்பது பேரு இழுத்தும் அசையலையாம். மாதாவுக்கே இஷ்டமில்ல, மனுசங்க இன்னா பண்றது?"

கடவுளைப் பெற்றவள் சாதிச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்தது எப்போது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஊர் போகிற வழியில்தான் என்றார்கள், அங்கேயே இறங்கிவிட்டேன். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களை யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அற்புதத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே வீட்டைக் கை காட்டினார்கள். பிச்சைமுத்துவின் வீடு. வயது அறுபத்திரண்டு, ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, ஒரு மொபெட். இருபத்தாறு வருடமாக மாதா தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். நான் திட்டவில்லை, அதுதான் அவர் வேலை. தேர் ஓடும்போது சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே ஓடி, நிறுத்த வேண்டிய இடத்தில் மரக்கட்டையை அடியில் திணிக்க வேண்டும். ஆபத்தான காரியம். கை போகும், கால் போகும். பிச்சைமுத்துவுக்குக் கையும் காலும் பத்திரமாக இருக்கின்றன. போனது வேறு ஏதோ.

தேர் ஓடுவது வருடத்தில் ஒரு நாள், செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாள். மற்ற நாட்களில் கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று அவர் பயிற்சியிலேயே இருக்கிறார். மகள் மலர்விழி நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது "அதெல்லாம் சரிப்படாது" என்றார். கோயிலுக்குக் கழிப்பறை கட்டலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தபோதும் அதே வாசகம். பெண்கள் பீடத்தில் ஏறி பைபிள் வாசகம் படிக்கலாமா என்றபோதும் அதே. மூன்றாவது சொல்லைத் தேடி எடுக்க வேண்டாம் என்று இரண்டு சொல்லில் வாழ்க்கையை ஓட்டிவிட்ட மனிதர். இதற்காக ஊர் அவருக்குத் திருவிழாவில் சால்வை போர்த்துகிறது.

காலனித் தெருவுக்குள் தேர் போனதே இல்லை. காரணம் கேட்டால் பேரவை வானத்தைக் காட்டும். "கரண்டுக் கம்பி தாழ்வா கீது. மாதா கிரீடம் தட்டும்." தட்டும்தான். வானத்திலேயே காரணம் இருக்கும்போது தரையில் யார் தேடப் போகிறார்கள்?

தேடியவள் அமலோற்பவம். காலனித் தெருவில் நாலாவது வீடு, நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் சவரிமுத்து மலையில் மரவள்ளி லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். வீட்டு வாசலுக்கு மாதா வந்தால் தன் கையால் ஒரு மாலை போட வேண்டும் என்பது அவர் வேண்டுதல். அவள் கள்ளக்குறிச்சியில் திங்கட்கிழமை மனுக் கொடுக்கும் கூட்டத்துக்கு ஆறு வாரம் நடந்தாள். ஆகஸ்டில் புதுக் கம்பம் வந்தது, கம்பி ஐந்தடி உயர்ந்தது. பேரவையின் ஒரே காரணம் அதோடு தொலைந்தது. பங்குச் சாமியார் பூசையிலேயே, "இந்த வருஷம் தேர் எல்லாத் தெருவுக்கும் போகும்" என்று அறிவித்தார். அறிவித்த கையோடு பிச்சைமுத்துவைப் பார்த்தாராம். பிச்சைமுத்து சக்கரத்தைப் பார்த்தாராம்.

சாயங்காலம் ஐந்தரைக்குத் தேர் காலனி முனைக்கு வந்தது. வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் காலனிப் பையன்கள். தேரைத் திருப்ப ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் லேசாகக் கட்டை கொடுக்க வேண்டும். பிச்சைமுத்து இரண்டு பக்கமும் கொடுத்தார், லேசாக இல்லை. இழுத்தார்கள். அசையவில்லை. அவர் நிமிர்ந்து, முகத்தில் வியர்வையைத் துடைத்து, கண்ணை மேலே தூக்கிச் சொன்னார்: "தாயிக்கு இஷ்டமில்லப்பா. நேராப் போவலாம்."

ஆட்டோவில் நான் கேட்ட வதந்தியின் பிறப்பிடம் இதுதான். பிறந்த நாள், மாதாவின் பிறந்த நாளேதான்.

"இஷ்டமில்லையா?" என்றான் வடம் பிடித்திருந்த ஜீவா. "அப்ப எங்களுக்கும் இல்ல." வடத்தைக் கீழே போட்டான். மற்ற காலனிப் பையன்களும் போட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் இழுத்தார்கள், "மரியே வாழ்க" என்றார்கள், மூச்சு வாங்கினார்கள். கட்டையை உருவப் போன பிச்சைமுத்துவின் கைக்கு அது வரவில்லை. தேரின் பாரத்தில் தாரோடு இறுகிவிட்டது. இப்போது தேர் உண்மையாகவே அசையவில்லை. இத்தனை வருட ஊழியத்துக்கு மாதா அவர் வாக்கைக் காப்பாற்றிக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் அமலோற்பவமும் இரண்டு பெண்களும் சவரிமுத்துவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து தேரடியில் வைத்தார்கள். மேலே இருந்த மாதா சுரூபத்துக்கு அவர் கை எட்டவில்லை. முன்சட்டத்தில் மாலையைத் தொங்கவிட்டார். "வாசலுக்கு வரலியேய்யா" என்று யாரோ சொன்னதற்கு, "பாதி அவங்க வந்தாங்க, பாதி நானு வந்தேன். மீதிய அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாராம். படுக்கையில் கிடக்கிறவருக்கு இவ்வளவு பெருந்தன்மை ஆகாது என்பது என் கருத்து.

பிச்சைமுத்துவிடமே கேட்டேன். மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பேப்பரா? எழுதுங்க. மாதா நின்னாங்க. ஊரே பாத்துது."

"சக்கரத்துக்கு அடியில கட்டை இருந்துச்சாமே?"

"இருந்துது."

"யாரு வெச்சது?"

"வெக்கிறது என் வேல சார். நிக்கிறது அவங்க இஷ்டம்."

உள்ளேயிருந்து மலர்விழியின் சிரிப்பு கேட்டது. "நல்லா கேளு சார். எனக்கும் இதான் சொல்லிகினு கீறாரு."

"நீ சும்மா கெட," என்றார் அவர், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தபடி.

அன்றைக்குத் தேர் எப்படித்தான் கிளம்பியது என்று அமலோற்பவத்திடம் கேட்டேன். இறுகிய கட்டையைக் கெல்லி எடுக்க நீளக் கடப்பாரை வேண்டியிருந்தது. ஊர்த்தெருவில் அந்த நீளத்துக்கு இல்லை. சவரிமுத்துவிடம் இருந்தது. பிச்சைமுத்து தெரு முனையிலேயே நின்று கூப்பிட்டிருக்கிறார்: "ஏம்மா அமலோற்பவம், அந்தக் கடப்பாரைய எடுத்தாம்மா."

"எடுத்தாந்தேன் சார்," என்றாள். "கைல குடுக்கறப்ப சொன்னேன், 'ஐயா, எங்க வூட்டுக்காரரு பொருளு. நீங்களே கொண்டாந்து எங்க வூட்டுக்குள்ள வெச்சிட்டுப் போவணும்'னு. இன்னா செய்வாரு, தேரு நடு ரோட்டுல நிக்குது. 'ஆவட்டும்'னாரு."

பத்தொன்பது நாள் ஆகிறது. ஒரு தடவை மாடு மேய்க்கிற பொன்னுரங்கத்திடம் கொடுத்து அனுப்பினார். அவள் திருப்பி அனுப்பினாள். இன்னொரு தடவை விடியற்காலையில் தெரு முனைக் கம்பத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை ஜீவா தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டுக் கதவிலேயே சாத்திவிட்டு வந்தான். நான் போன அன்றைக்கு அது மொபெட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் வாசலிலிருந்து அவள் வீடு இருநூற்றுப் பத்துக் காலடி. நடந்து எண்ணினேன்.