பனம்பழமும் பகற்குறியும்

யாழ்ப்பாணத்து பஸ் குறிகட்டுவான் துறையடியில் வந்து நின்றால், இறங்குகிற சோடிகளில் ஒன்றையாவது மறித்துக் கதைக்காமல் பாலசிங்கம் வீடு திரும்புவதில்லை. போன கிழமை அகப்பட்டது ஒரு பொடியனும் பெட்டையும். பெட்டை சால்வையால் முகத்தை மூடியிருந்தாள். பொடியன் அவளைத் தெரியாதவன்போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“தம்பி, நீங்கள் ரெண்டுபேரும் செய்யிற வேலைக்கு என்ன பேர் தெரியுமோ?”

பொடியன் பெட்டையை விட்டு இன்னும் ஓரடி தள்ளி நின்றான். “நாங்கள் ஒண்டும் செய்யேல்லை ஐயா. நயினாதீவுக்கு, அம்மன் கோயிலுக்குப் போறம்.”

“இவர் என்ரை ஒண்டுவிட்ட அண்ணை,” என்றது சால்வை.

“பயப்பிடாதை பிள்ளை. இதுக்குப் பேர் பகற்குறி. வலு பழைய, மரியாதையான சொல்லு!”

இரண்டும் ஓடிப்போய்ப் படகில் ஏறி, ஆளுக்கொரு மூலையில் இருந்தன. நல்ல காரியம் செய்த திருப்தியோடு பாலசிங்கம் சைக்கிளை உருட்டினார்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். ஊரில் இன்றைக்கும் அவர் ‘மனேச்சர்’தான். தங்கைமாரை ஒவ்வொருத்தியாகக் கரைசேர்த்து முடிப்பதற்குள் தலைமயிர் விடைபெற்றுவிட்டது. கலியாணம் என்ற பேச்சும் அதோடு போயிற்று. மிஞ்சியது பழைய அகப்பாட்டு இலக்கணம். அதிலும் ஒரே ஒரு சொல்.

“குறி எண்டால் அடையாளம். இன்ன மரத்தடிக்கு வா எண்டு அடையாளம் சொல்லிக் காதலர் சந்திச்சவை. பேந்து அந்த இடத்துக்கே குறி எண்டு பேராச்சு. பகலிலை, வீட்டு எல்லைக்கு வெளியிலை எண்டால் பகற்குறி. இரவிலை, வீட்டுக்காரற்றை கதை கேக்கிற தூரத்திலை எண்டால் இரவுக்குறி.” இரவுக்குறியை அவர் அவ்வளவாகப் போற்றுவதில்லை. “பொழுதுபட்டால் எனக்குக் கண் தெரியாது. ஆள் மாறி வந்தாலும் விளங்காது.”

குறிகட்டுவான் என்ற பேரே இதிலிருந்துதான் வந்தது என்று ஒருநாள் தொடங்கினார். வள்ளக்காரர் அன்ரனிதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். “அண்ணை, அதை மட்டும் விடுங்கோ. பேந்து எங்கடை பொடியளுக்கு ஒருத்தரும் பொம்பிளை தராயினம்.”

இப்படிப்பட்ட மனிசனுக்குத்தான் ஐம்பத்தெட்டு வயதில் காதல் வந்தது. அவருடைய ஒழுங்கையிலேயே, பக்கத்து வீட்டு நல்லம்மாவுக்கு அங்கால் இருக்கிற மீனலோசனி. புருசனை இழந்து கனகாலம். தையல் மெசினும், பனம்பழக் களியைக் காயவைக்கிற பினாட்டுப் பாயுமாகக் காலம் தள்ளுகிறவள். கேட்டால் ஓம் என்பாள் என்பது ஒழுங்கைக்கே தெரியும். தடுக்கவும் ஒருவரும் இல்லை. கனடாவில் இருக்கிற தமையன் மட்டும், “ஆவணி முடியமுன்னம் வந்து கூட்டிக்கொண்டு போறன், தனிய கிடந்து என்ன செய்யிறாய்?” என்று சொல்லியிருந்தான். போனால் போனதுதான். ஆகவே மனேச்சர் கேட்கவேண்டியது ஒரு கேள்வி. அதையும் கெதியாகக் கேட்கவேண்டும்.

அதற்குத்தான் இலக்கணம் குறுக்கே நின்றது.

“படலையைத் திறந்து வந்து கேக்கிறதுதானே?” என்றாள் மீனலோசனி.

“களவு இல்லாமல் நேரை கற்புக்கு, அதுதான் கலியாணத்துக்கு, போக ஏலாது. முதல் ஒளிச்சுச் சந்திக்கவேணும். நான் குறி செய்வன். நீர் வாரும்.”

“ஆருக்கு ஒளிக்கிறது? என்ரை தையல் மெசினுக்கோ?”

என்றாலும் உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பும் ஆசையும்தான். சம்மதித்தாள். அவளுடைய வேலிக்குப் பின்னால் பனங்கூடல். எல்லைக்கு வெளியே; இலக்கணத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தும். அங்கே நின்று மனேச்சர் ஒரு பனம்பழத்தைத் தூக்கிப்போடுவார். தொப்பென்று சத்தம் கேட்டதும் அவள் வரவேண்டும். ஏற்பாடு ஆவணி மாதத்தில் நடந்தது. ஆவணியில் தீவுப் பகுதியில் பனம்பழம் விழுகிற சத்தம் கேட்டால் வருகிறவள் காதலி மட்டுமா?

முதல்நாள் மனேச்சர் பழத்தை எறிந்து, மேற்சட்டையை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமினார். வடலிகளை விலக்கிக்கொண்டு ஓலைக் கடகத்தோடு வந்தது நல்லம்மா.

“நீங்களும் பொறுக்கவோ வந்தனீங்கள் மனேச்சர்?”

“இல்லை... காத்து வாங்க.”

“அப்ப அந்தப் பழத்தை இதுக்குள்ளை போடுங்கோ.”

போட்டார். கடகத்தையும் அவள் வீடுவரை சுமந்து கொடுத்தார். அடுத்த நாளும் அதுவே. வீட்டில் பினாட்டுக்குப் பாய் போதாமல் நல்லம்மா அயலில் இரவல் வாங்கினாள்.

மீனலோசனி பாடு வேறு. மனேச்சர் வராத நேரமெல்லாம் பனைகள் தம்பாட்டுக்குப் பழத்தைப் போட்டன. ஒவ்வொரு தொப்புக்கும் அவள் பவுடர் போட்டுக்கொண்டு ஓடிவந்து பார்த்தாள். நின்றது மாடு. மனேச்சர் எறிந்த பழம் விழுந்தபோது, இதுவும் மாட்டுக்குத்தான் என்று அவள் குசினியை விட்டு அசையவில்லை.

இதைக் கேட்ட மனேச்சர் கவலைப்பட்டிருக்கவேண்டும். அவருக்கோ முகமெல்லாம் பல். “அட, இதுக்கும் பேர் இருக்கு மீனலோசனி! அல்லகுறி! தலைவன் செய்யாத சத்தத்தைக் குறி எண்டு நம்பித் தலைவி ஏமாறுறது!”

“நான் வெயிலிலை மாட்டோடை நிக்கிறன். நீங்கள் அதுக்குப் பேர் வைக்கிறியள்,” என்றாள் அவள். “அண்ணை வெள்ளிக்கிழமை வாறார்.” படலையை அடித்துச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு மனேச்சர் துறையடிப்பக்கம் போகவில்லை. உண்மையில் அந்த மனிசனுக்குப் பயம். தங்கைமாருக்காக எத்தனையோ வீட்டுப் படலையைத் தட்டியவர். தனக்காக ஒன்றையும் தட்டியதில்லை. அந்தப் பழைய சொல்லுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறமட்டும் அவரிடம் யாரும் ‘மாட்டன்’ என்று சொல்லிவிட முடியாதல்லவா?

வியாழக்கிழமை மத்தியானம் அன்ரனிதாஸ் பார்க்கவந்தார். “நாளைக்குத் தமையன் வந்திடுவான். எழும்பிப் போய்க் கேளுங்கோ அண்ணை!”

மனேச்சர் கதிரையை விட்டு எழும்பவில்லை. “அப்பிடிச் சும்மா போக ஏலாது. தலைவன் குறி செய்யவேணும். தலைவி குறி செய்ததாய் எங்கையும்...”

தொப்!

முற்றத்து மணலில் ஒரு பனம்பழம் கிடந்தது, நன்றாகப் பழுத்துக் கறுத்தது. அன்ரனிதாஸ் மேலே பார்த்தார். ஒரு முருங்கை, இரண்டு தென்னை.

“அண்ணை, உங்கடை வளவிலை பனை இல்லையே?”

மனேச்சர் இலக்கணத்தைப் பாதியில் விட்டார். எழும்பிப்போய்ப் பழத்தை எடுத்தார். வேலிக்கு அப்பால், ஒழுங்கையில், பவுடர் வாசம்.

அதற்குள் சத்தம் கேட்ட நல்லம்மா கடகத்தோடு படலைக்குள் வந்து, வழக்கம்போல அதை நீட்டினாள்.

“ஏலாது நல்லம்மாக்கா,” என்றார் மனேச்சர், பழத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. “இது எனக்கு விழுந்தது.”

செருப்பையும் போடாமல், அணைத்த பழத்தோடேயே அவர் ஒழுங்கைக்கு இறங்கினார்.