தங்கப்பழத்துக்குக் கட்டின காப்பு

மாரித்தாய் பொழப்பை ஒரு வரியில சொல்லி முடிச்சிரலாம். பனவடலிசத்திரத்துக்காரி, புருசனைப் பறிகொடுத்தவ, சங்கரன்கோவில் ஆசுபத்திரியில என்கூட ஆயா வேலை பாத்தா. ஆனா அவ வைராக்கியம் இருக்கே, அதுக்குத்தான் இவ்வளவும் சொல்லுதேன்.

எழுபத்தஞ்சுல அவ மக வள்ளித்தாய்க்கு அஞ்சு வயசு. தொண்டை அடைச்சு மூச்சு இழுக்குது. ஊர்ல கார் வச்சிருந்தது தங்கப்பழம் ஒருத்தருதான். பிள்ளையைத் தூக்கிட்டுப் போயி அவரு வாசல்ல விழுந்து அழுதிருக்கா. "புது சீட்டு, வாந்தி எடுத்து நாறடிச்சிரும். பஸ்ஸுல கூட்டிட்டுப் போ"ன்னுட்டாரு அந்த மகராசன். பஸ் வரலை. பிள்ளையைத் தோள்ல போட்டு சங்கரன்கோவில் ஆசுபத்திரிக்கு நடந்தா. பாதி வழியிலயே எல்லாம் முடிஞ்சு போச்சு. பாவி மனுசன்! நினைச்சா எனக்கே இன்னும் வயிறு எரியுது.

எட்டு வருசம் கழிச்சு, குழந்தைகளுக்குன்னு தனி ஆசுபத்திரி கட்ட நிதி திரட்டணும்னு எங்க சர்ச் பாதிரி சத்தியநாதன் ஐயர் (பாதிரியை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்) ஒரு நடைப்பயணம் ஏற்பாடு பண்ணினாரு. பனவடலிசத்திரத்துல ஆரம்பிச்சு சங்கரன்கோவில் தேரடி வரைக்கும். கொடியசைக்க யாரு வந்தாருங்கீக? தங்கப்பழம்! பத்தடி நடந்து, போட்டோவுக்கு நின்னுட்டு, கார்ல ஏறிக்கிடுறதாப் பேச்சு.

"இன்னைக்கு இவரை அந்த ரோட்டுல நடக்க வைக்கேன் பாரு"ன்னா மாரித்தாய்.

"ஏட்டி, சும்மா கெட"ன்னேன். கேட்டாளா?

மாலை போடுதவ மாதிரி கிட்டப் போயி, மஞ்சக் கயித்தை எடுத்து அவரு கையில டக்குனு காப்புக் கட்டிட்டா. "அண்ணாச்சி கோமதியம்மனுக்கு நேந்திருக்காக! தேரடி வரைக்கும் வெறுங்காலோட நடக்கப் போறாக!"ன்னு கத்தினா. பொம்பளைக அத்தனை பேரும் குலவை போட்டாக. காப்புக் கட்டினப்புறம் நடக்க மாட்டேன்னா சாமிக் குத்தமாயிரும்லா? நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, எனக்கே உடம்பு சிலுத்துச்சு. மனுசன் திருதிருன்னு முழிச்சாரு. அப்புறம் செருப்பைக் கழத்தினாரு.

வைகாசி வெயில்ல தாரு இளகிக் கெடந்துச்சு. கார் பின்னாலயே ஊர்ந்து வருது, ஏற முடியலையே! தண்ணி கேட்டப்பெல்லாம் மாரித்தாய்தான் குடுத்தா. இரக்கம்னு நினைக்காதீக. மயங்கி விழுந்தா தூக்கிக் கார்ல போட்டுருவாகன்னு பயம் அவளுக்கு.

பாதி வழியில, "நீ யாரு தாயி? எம்மேல என்ன கோவம்?"னு கேட்டாரு. அவருக்கு ஆளே அடையாளம் தெரியலை. அவ தண்ணிச் செம்பை நீட்டிட்டு முன்னால நடந்தா. எனக்குத்தான் அவரை நாலு வாங்கு வாங்கணும் போல இருந்துச்சு.

தேரடிக்கு வந்தப்ப அவரு உள்ளங்காலெல்லாம் கொப்புளம் ஒடைஞ்சு ரத்தம். மேடையில உக்கார வச்சு, "யாருக்காக நேந்தீக அண்ணாச்சி?"ன்னு ஐயர் கேட்டாரு. மாரித்தாய் மைக்கைப் பிடுங்கினா.

"எம் மக வள்ளித்தாய்க்காக. இந்த ரோட்டுல எந்தோள்லயே செத்தா. அண்ணாச்சிகிட்ட கார் கேட்டேன், தரலை."

தங்கப்பழம் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிரு தாயி"ன்னு அழுதாரு.

"மன்னிக்கதுக்கு நான் வரலை. அவ பேரைச் சொல்லி அழுங்க."

அவரு வாயைத் திறந்தாரு. பேரு வரலை. இப்பந்தான் காதுல விழுந்த பேரு! "என்ன பேரு சொன்னே, தாயி?"ன்னாரு.

மாரித்தாய் மைக்கை அவரு மடியில வச்சா.

"அடுத்த வருசமும் நடங்க அண்ணாச்சி. எம் மக பேரு மனசுல நிக்கிற வரைக்கும் வருசா வருசம் நடங்க."